முள் இல்லாத மென்பவளம்

ஒரு புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்தவள் நான். அது ஏறக்குறைய ஐந்து மாதம் வாழ்ந்தது. அதைக் கொன்றவளும் நானே. இரண்டும் தாம்பரத்தில், ஒரே மேசையின் மேல் நடந்தன.

மென்பவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் பயனுள்ளதாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் தலைவர் கேட்டார். பயனுள்ளவை எல்லாம் ஏற்கனவே புத்தகங்களில் இருக்கின்றன. நான் செய்த தவறு மட்டும்தான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் அதையே எழுதுகிறேன். நீங்கள் இப்போது மரபணுவைப் பார்த்து இனம் சொல்கிறீர்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவசரமும் பெருமையும் பயமும் உங்களுக்கு இருப்பதுபோலவே எங்களுக்கும் இருந்தன.

அறுபதுகளின் கடைசி அது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பழைய பங்களாவில் எங்கள் கடல் உயிரியல் கூடம் இருந்தது. தாம்பரத்தில் கடல் எங்கே என்று கேட்காதீர்கள். பங்களாவைத் தானமாகக் கொடுத்த புண்ணியவானுக்குத் தாம்பரத்தில்தான் பங்களா இருந்தது, கோவளத்தில் இல்லை. அதனால் கடல்தான் எங்களைத் தேடி பஸ் ஏறி வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் கன்னியம்மா. கோவளத்தை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து மீன் கூடையோடு இரண்டு பஸ் மாறித் தாம்பரம் வருவாள். கூடையின் அடியில், வலையில் சிக்கிய, யாரும் தின்னாத, யாருக்கும் வேண்டாத ஏதோ ஒன்று ஈரச் சாக்கில் சுற்றி எனக்காக இருக்கும். அதற்கு அவள் எதுவும் கேட்டதில்லை. படித்த பெண், நல்ல சேலையாகக் கட்டியிருக்கிறாள், போயும் போயும் குப்பைக்கு ஆசைப்படுகிறாளே என்று என்மேல் அவளுக்கு ஓர் இரக்கம். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தோம்.

“டீச்சரம்மா, இன்னிக்கி ஒண்ணு கீது. பாக்கறியா, தூக்கிக் கடாசிடவா?” என்று பின்வாசலில் வந்து நிற்பாள்.

நான் டீச்சர் இல்லை என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். “அப்ப இன்னா நீ?” என்று ஒருமுறை கேட்டாள். ஆராய்ச்சி உதவியாளர் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி டீச்சரம்மா” என்றாள்.

எங்கள் இயக்குநரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயர் அச்சில் வருவதில் கூச்சம் உள்ள மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போது தன் பெயர் வந்தால் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கூச்சம் கிடையாது. பதினைந்து வருடங்களுக்கு முன்பு அவர் ஒரு மென்பவளத்துக்குப் புதிய பேரினமே உருவாக்கிப் பெயர் வைத்திருந்தார். அந்த மென்பவளத்தை ஊறவைத்த பாட்டில் அவர் அறை அலமாரியில், மற்றவர்கள் குடும்பப் புகைப்படம் வைக்கும் இடத்தில் இருந்தது.

அதில் என்ன விசேஷம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டாரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். பேரினம் என்றால் நெருங்கிய பல இனங்களைச் சேர்த்துக் கட்டும் பெரிய பிரிவு. மென்பவளம் கல் பவளத்தைப் போல வீடு கட்டாது. சதையால் ஆன சின்ன மரம் மாதிரி இருக்கும். நிறத்தை நம்ப முடியாது, உருவத்தையும் நம்ப முடியாது. தண்ணீர் குடித்தால் ஊதும், வெளியே எடுத்தால் சுருங்கும். சதைக்குள் புதைந்திருக்கும் சுண்ணாம்பு முட்கள்தான் அதன் கைரேகை. ஒரு துணுக்கை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ப்ளீச்சிங் கரைசல் இரண்டு சொட்டு விட்டால் சதை கரைந்துபோய் முட்கள் மட்டும் நிற்கும். அவற்றின் வடிவத்தைப் பார்த்து இனம் சொல்லலாம். எங்கள் இயக்குநரின் மென்பவளத்தில் முள்ளே கிடையாது. ஒன்றுகூட இல்லை. அதுதான் அதன் பெருமை.

ஆனால் அந்தப் பெருமையை உலகம் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. தெற்கே கடலோரத்தில் வேலை பார்த்த நிபுணர் ஒருவர், பிறர் வைத்த பெயர்களை அடித்துத் தள்ளுவதில் பேர்போனவர், இப்படி எழுதிவிட்டார்: இன்னொரு மாதிரி கிடைக்கும்வரை இந்தப் பேரினத்தை ஏற்பதற்கில்லை. ஒரே ஒரு வரிதான். எங்கள் இயக்குநர் அதைப் பதினைந்து வருடமாக மென்றுகொண்டிருந்தார்.

இனி என் கதை.

ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு கன்னியம்மா சாக்கைப் பிரித்துக் காட்டினாள். ரோஜா நிறத்தில், ஒரு சின்னக் காலிஃபிளவர் அளவுக்கு, அழகான ஒன்று. அன்று மாலை நான் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. கையில் வாசனை ஒட்டக்கூடாது என்று இடுக்கியால் எடுத்து, நேராக ஃபார்மலின் ஜாடியில் போட்டு மூடினேன். கன்னியம்மா ஏதோ சொன்னாள். கேட்டுக்கொள்ள எனக்கு நேரமில்லை.

ஏன் ஃபார்மலின், ஏன் ஸ்பிரிட் இல்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மதுவிலக்குக் காலம். ஆய்வுக்கூடத்துக்கு ஸ்பிரிட் வேண்டுமென்றால் பர்மிட் வாங்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், அதிகாரி வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்து அளப்பார். எங்கள் இயக்குநர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். அந்த அதிகாரியைக் கண்டால் குடித்தவரைப் போல அவருக்குக் கை நடுங்கும். ஆகவே பர்மிட்டில் வந்த ஸ்பிரிட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வந்தது வந்தபடியே இருந்தது. அதிகாரி வருவார், பார்ப்பார், மகிழ்ச்சியோடு போவார். மீன், நண்டு, பவளம், எல்லாம் ஃபார்மலினில் மிதந்தன.

மூன்று மாதம் கழித்து, தை மாதத்தில், அந்த ஜாடியைத் திறந்தேன். ரோஜா நிறம் வெளுத்திருந்தது. துணுக்கு வெட்டி, கரைசல் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சதை கரைந்தது. மிச்சம் எதுவும் இல்லை. வேறு இடத்தில் வெட்டினேன். அடித்தண்டில் வெட்டினேன், கிளை நுனியில் வெட்டினேன். பத்துத் தகடுகள். ஒரு முள்கூட இல்லை.

நான் ஓடிப்போய்ச் சொன்னதும் இயக்குநர் வந்து குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. பிறகு தன் அறைக்குப் போய், அலமாரியிலிருந்த பாட்டிலை இரு கைகளாலும் எடுத்துவந்து என் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மிஸ் கிரேஸ், பதினைஞ்சு வருஷமா இவன் ஒத்தைப் பிள்ளையா இருந்தான். இப்போதான் தம்பி பிறந்திருக்கான்” என்றார்.

என்னுடையது சற்றே வேறு உருவம். அதே பேரினம், புதிய இனம் என்று முடிவு செய்தோம். அதற்கு இயக்குநரின் பெயரை வைக்கப்போகிறேன் என்றேன். “ஏம்மா, முள்ளும் கிடையாது, முதுகெலும்பும் கிடையாது. அதுக்கு என் பேரா?” என்றார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. தன் பெயரை லத்தீனில் எப்படிப் பிழையில்லாமல் எழுதுவது என்று அதில் குறித்திருந்தார்.

கட்டுரையை அனுப்பினோம். பத்திரிகை அதைக் கருத்துக் கேட்டு அனுப்பிய ஆள் யாரென்று நினைக்கிறீர்கள்? அந்த நிபுணரேதான். அவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ஜூன் மாதத்தில் மெட்ராஸ் வருகிறேன், வழியில் தாம்பரத்தில் இறங்கி இரண்டு மாதிரிகளையும் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். இயக்குநர் அட்டையை மூன்று முறை படித்தார். பங்களாவுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தார்.

நிபுணர் வருவதற்கு முதல் நாள், முற்பகல். ஜாடியிலிருந்து மென்பவளத்தை எடுத்து, தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் வைத்து அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். கன்னியம்மா பின்வாசலில் கூடையை இறக்கினாள். பெருமை தாங்காமல் அவளை உள்ளே கூப்பிட்டேன்.

“கன்னியம்மா, இதைப் பாரு. நீ கொண்டாந்ததுதான். உலகத்துல யாருக்கும் தெரியாத ஒண்ணு. நாளைக்கு இதைப் பார்க்கப் பெரிய ஆள் வர்றாரு.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். நான் தடுக்கும் முன் இரண்டு விரலால் அழுத்தியும் பார்த்துவிட்டாள்.

“இது நான் குடுத்தது இல்ல.”

“நீதான் குடுத்தே. ஐப்பசி மாசம்.”

“நான் குடுத்தது குத்தும். கையி வெச்சா முள்ளு முள்ளா ஏறும். எங்க வூட்டுக்காரரு அத்த வலையிலேர்ந்து பிச்சிட்டு ரெண்டு நாளு கையி வீங்கிப் படுத்துகினு இருந்தாரு. அன்னிக்கே சொன்னேனே, கையி பத்திரம்னு. இது இன்னாடான்னா ஊறவெச்ச அப்பளம் மாதிரி கீது.” என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். “யாரோ மாத்திட்டாங்க டீச்சரம்மா. கேளு, வுடாத.”

நான் சிரித்தேன். செத்துப்போனால் எதுவும் மெத்தென்று ஆகிவிடும் என்று விளக்கினேன்.

“செத்த முள்ளு குத்தாதா?” என்றாள். “மீன் முள்ளு தொண்டையில மாட்டுதே, அது உசுரோடவா மாட்டுது?”

நான் தட்டிலிருந்ததைத் திரும்பிப் பார்த்தேன்.

முள் என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பைக் கரைப்பது அமிலம். ஃபார்மலின் பழசானால் அமிலமாகும் என்று எங்கோ ஒரு அடிக்குறிப்பில் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போன அடிக்குறிப்பு. டிராயரில் நீல லிட்மஸ் காகிதம் இருந்தது. ஒன்றைக் கிழித்து ஜாடிக்குள் விட்டேன். வெளியே வந்தபோது குங்குமம்போல் சிவந்திருந்தது.

இன்னொன்றை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய பாட்டிலைத் திறந்தேன். அதுவும் சிவந்தது.

என் இனம் போனால் ஒரு கட்டுரை போகும். அது பரவாயில்லை. அவருடைய பேரினம் போனால்? இனி அவர் ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. உலகத்தில் அவர் பெயரைச் சொல்ல இருந்தது அந்த ஒரு பாட்டில். நான் இரண்டு காகிதங்களையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பின்வாசலில் கூடையைத் தூக்கப்போன கன்னியம்மாவிடம், “அது மாதிரி இன்னொண்ணு உடனே கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“பாறைப் பக்கம்தான் இப்ப வலை வுடறாங்க. கெடைக்கும். இன்னாத்துக்கு? அதான் ஊறிகினு கீதே ஒண்ணு.”

“கடல் தண்ணியிலேயே வெச்சுக் கொண்டா. நாளைக்குக் காலையில.”

அன்று சாயங்காலம் ரயிலில் குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவள், பல்லாவரம் வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்க வண்டி பிடித்துத் திரும்பினேன். வழி முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். நாளைக்கு நிபுணர் தகடு போட்டாலும் முள் இருக்காது. அவர் ஒத்துக்கொள்வார். யாருக்கும் நஷ்டமில்லை. கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு பூவுக்கு இன்னொரு பேர் கூடுதலாக இருந்தால் அதற்கு என்ன வலிக்கப்போகிறது? நல்ல வாதம்தான். வீட்டுக்கு வந்து கைப்பையைத் திறந்தால் இரண்டு காகிதங்களும் சிவப்பாகவே இருந்தன.

காலையில் இயக்குநரிடம் சொல்லிவிடுவது என்று சீக்கிரமே போனேன். அவர் வாசலில் நின்றிருந்தார். ஜூன் மாத வெயிலில் கறுப்புக் கோட்டு. கல்யாணத்துக்குத் தைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு பொத்தான்தான் போட முடிந்திருந்தது.

“எப்படி இருக்கு மிஸ் கிரேஸ்?”

“நல்லா இருக்கு சார்” என்றேன். அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

நிபுணர் ஒல்லியான மனிதர். கதர்ச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட உருப்பெருக்கிக் கண்ணாடி. காபி வேண்டாம் என்றார். புது வெள்ளையடித்த சுவரைப் பார்க்கவே இல்லை. எங்கள் தகடுகளைத் தள்ளிவைத்துவிட்டு, தானே வெட்டி, தானே கரைசல் விட்டுப் பார்த்தார். முதலில் என்னுடையது. பிறகு இயக்குநருடையது. பிறகு மறுபடி என்னுடையது. இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. இயக்குநரின் கோட்டு முதுகில் வியர்வை தீவு தீவாகப் படர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நிபுணர் நிமிர்ந்தார். “சார், நான் எழுதினது தப்பு. பேரினம் நிக்குது. திருத்தி எழுதிடறேன். பதினைஞ்சு வருஷம் உங்களைக் காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க.”

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வாழ்க்கையில் ஒரு விஷயத்தைச் சொல்ல நல்ல நேரம் பத்து இருக்கும். பத்தையும் விட்டுவிட்டால் பதினோராவதாக ஒரு கெட்ட நேரம் வரும். எனக்கு அது வந்துவிட்டது.

“சார், ஒரு நிமிஷம்” என்றேன்.

“என்ன மிஸ் கிரேஸ், இப்போ காபி கொண்டுவரச் சொல்லலாமா?” என்றார் இயக்குநர், குழந்தையைப்போலச் சிரித்துக்கொண்டு.

“இல்லை சார். ஃபார்மலின் அமிலமாயிருக்கு. ரெண்டு பாட்டிலும். நேத்து லிட்மஸ் வெச்சுப் பார்த்தேன்.” கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

நிபுணர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“நேத்தா?”

“நேத்து சார்.”

“ஒரு மணி நேரமா நான் கண்ணை உருக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் ஏன் சொல்லலை?”

“தைரியம் வரலை சார்.”

“இப்போ மட்டும் எங்கேருந்து வந்துச்சு?” இதைக் கேட்டது இயக்குநர். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. அதை எடுத்துவிட அவருக்குத் தோன்றவில்லை.

“தைரியம் வரலை சார். அதைவிடப் பெரிய பயம் வந்துருச்சு. அவரும் எழுதிட்டா, அப்புறம் தப்பா எழுதினவங்க மூணு பேரு ஆயிடும்.”

அப்போது பின்வாசலில் கன்னியம்மாவின் குரல் கேட்டது. அலுமினியத் தூக்கில் கடல் தண்ணீரோடு அதைக் கொண்டுவந்திருந்தாள். நான் உள்ளே அழைத்துவந்து, தூக்கை மேசையில் வைக்கச் சொன்னேன். ரோஜா நிறம், காலிஃபிளவர் உருவம். நிபுணர் கையை உள்ளே விட்டார்.

“தொடாத சார், குத்தும்” என்றாள் கன்னியம்மா.

நாற்பது வருடம் பவளத்தோடு வாழ்ந்தவரிடம் ஒரு மீன்காரப் பெண் இப்படிச் சொன்னால் அவர் கேட்பாரா? தொட்டார். கையை வெளியே இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

“சொன்னேன்ல” என்றாள் அவள். “நேத்து இந்த அம்மாகிட்டயும் இத்தத்தான் சொன்னேன். சிரிச்சிகினு நின்னுச்சு.”

அதிலிருந்து ஒரு துணுக்கு வெட்டித் தகடு போட்டோம். சதை கரைந்த இடத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள், தரையில் நெல்லைக் கொட்டியதுபோல் சிதறிக் கிடந்தன. நிபுணர் அரை நிமிடத்தில் இனத்தைச் சொல்லிவிட்டார். “இது ரொம்பப் பழைய ஆளு. நம்ம தாத்தா காலத்துலயே பேர் வெச்சாச்சு.”

ஆனால் அவர் நேர்மையான ஆள். உடனே தலையை ஆட்டினார். “ஒண்ணு இருக்கு. இதுல முள் இருக்கிறதால அதுலயும் இருந்துச்சுன்னு ஆகாது. அது வேற, இது வேறன்னு சார் சொன்னா என்னால மறுக்க முடியாது.”

அது திறந்து வைத்த கதவு. எங்கள் இயக்குநர் வெளியே போவதற்கென்று எதிராளியே திறந்துவைத்த கதவு. நான் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். தன் பாட்டிலைத் திறந்து, சவர பிளேடால் ஒரு மெல்லிய சீவல், வெங்காயச் சருகு அளவுக்கு மெல்லியதாக, சீவி எடுத்தார். தகட்டில் வைத்தார். நான் பழக்கத்தில் ப்ளீச்சிங் கரைசலை நீட்டினேன்.

“வேண்டாம். அதை ஊத்தி ஊத்தித்தான் பதினைஞ்சு வருஷமா ஒண்ணும் தெரியலை.”

குனிந்தார். தகட்டை மெதுவாக நகர்த்தினார். பிறகு எழுந்து நிபுணரை உட்காரச் சொன்னார். அடுத்து என்னை. சதை கரையாமல் அப்படியே இருந்தது. அந்தச் சதைக்குள் வரிசை வரிசையாக வெற்றிடங்கள், ஒவ்வொன்றும் ஊசியின் வடிவத்தில். முள் போய்விட்டது, அது குடியிருந்த வீடு மட்டும் காலியாக இருந்தது.

“இதோ இருக்கு பாருங்க, எல்லாமே இருந்திருக்கு” என்றார் இயக்குநர். “இல்லைன்னு எழுதினேன் நான். இருந்துச்சான்னு கேட்கலை.”

பிள்ளைகளே, இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. ஒன்றைக் காணோம் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: அது பிறக்கவே இல்லை, அல்லது நீங்கள் கரைத்துவிட்டீர்கள். எது என்று தெரியாமல் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.

நிபுணருக்கு இப்போது இயக்குநர்மேல் இரக்கம் வந்துவிட்டது. “சார், இதைப் பெரிசு பண்ண வேண்டாம். நான் ஏற்கனவே சந்தேகம்னு எழுதியிருக்கேன். அப்படியே விட்டுடுவோம். பத்து வருஷத்துல எல்லாரும் மறந்துடுவாங்க.”

“நான் வெச்ச பேரு. நானே எடுத்துடறேன்” என்றார் இயக்குநர். காகிதம் எடுத்து அங்கேயே நாலு வரி எழுதினார். எழுதி முடித்ததும் என் பக்கம் தள்ளினார். “கீழே உங்க கையெழுத்தும் போடுங்க. லிட்மஸ் வெச்சது நீங்க.” பிறகு நிபுணரைப் பார்த்து, “உயிர்களுக்கெல்லாம் பேர் வைக்கிற வேலையைக் கடவுள் ஆதாமுக்குக் குடுத்துட்டார். அதைத் திருத்துற வேலைதான் நமக்கு மிஞ்சியிருக்கு” என்றார். நிபுணர் முதன்முறையாகச் சிரித்தார். காபியும் குடித்தார்.

அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது கேட்டேன்: “சார், என்மேல கோபமா?”

“கோபம்தான்” என்றார். “நேத்தே சொல்லியிருந்தா இந்த வெயில்ல கோட்டு போட்டிருக்க மாட்டேன்ல?”

பாதி தூரம் போனபிறகு, நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “வீட்டுல சொல்லணும். பையன்கிட்ட அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கேன்” என்றார். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவரோடு அப்படியே நின்றேன். அன்றைக்கு அவரிடம் நான் பட்ட கடனுக்கு இன்றுவரை வார்த்தை கிடைக்கவில்லை.

மறுவாரம் இரும்பு அலமாரி திறந்தது. பவளங்கள் எல்லாம் ஸ்பிரிட்டுக்குக் குடிபெயர்ந்தன. அடுத்த முறை வந்த மதுவிலக்கு அதிகாரி அளவு குறைந்திருப்பதைக் கண்டு, எங்கள் இயக்குநரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “உங்களைப் போய் இப்படி நினைக்கலை சார்” என்றார். அரை நாள் ஆயிற்று, குடித்தது பவளம்தான் என்று புரியவைக்க.

ஒரு மாதம் கழித்து நிபுணரிடமிருந்து கடிதம் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகத் தன் அலமாரியைத் திறந்து எல்லா பாட்டிலுக்கும் லிட்மஸ் வைத்தாராம். பாதிக்குமேல் சிவப்பாம். தான் பெயர் வைத்த இனங்களில் இரண்டைத் தானே அடிக்க வேண்டியதாயிற்றாம். இனிமேல் தாம்பரத்தில் ரயில் நின்றாலும் இறங்கமாட்டேன் என்று எழுதியிருந்தார். இயக்குநர் அதை எங்கள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். நடுவில் இரண்டு இடத்தில் சிரிப்பு வந்து நிறுத்த வேண்டியிருந்தது.

கடிதத்தின் கடைசி வரி: அந்த மீன்காரம்மாவை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

கன்னியம்மா வந்தபோது சொன்னேன். அன்று வந்த பெரிய சார் உன்னை விசாரித்து எழுதியிருக்கிறார், உன்னால்தான் பெரிய தப்பு ஒன்று தெரியவந்தது என்கிறார் என்றேன்.

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். “யாரு, விரலைச் சூப்பிகினு நின்னாரே, அவரா?” என்றாள். “எல்லாம் சரி. அம்மாந்தூரத்துலேர்ந்து வந்தவரு, ஒரு மீனு வாங்கினாரா?”